தரையைத் தொடாத எழுபத்து நாலு கிலோ

போன சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியின் கூடைப்பந்து மைதானத்தில், முந்நூறு பெற்றோர் முன்னால் மைக்கைப் பிடித்து என் எடையைச் சொன்னேன்.

எழுபத்து நாலு கிலோ.

என் கணவருக்கே அந்த விவரம் தெரியாது. டாக்டர் கேட்டால்கூட, “போன மாசம் பார்த்தப்ப...” என்று இழுத்து, பேச்சை ரத்த அழுத்தத்துக்குத் திருப்பிவிடுவேன். அப்படிப்பட்டவள் மைக்கில், அதுவும் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்து... என்ன நேர்ந்தது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். தப்பு முழுக்க என் மேல்தான்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் எழுதியது, வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட அறிவியல் கிளப் என்றால் ஒரு தெர்மகோல் எரிமலை, அதன் வாயில் சமையல் சோடா, ‘இதை யாரும்மா செஞ்சது’ என்று கேட்டால் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளை — அவ்வளவுதான் என்று கிண்டலடித்திருந்தேன். எழுதி முடித்து நானே ரசித்துச் சிரித்தேன் வேறு.

ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், ஒன்பது பெண்களின் கையெழுத்து.

‘மதிப்பிற்குரிய மேடம், உங்கள் பத்தியைப் படித்தோம். எங்கள் கிளப்பில் தெர்மகோல் கிடையாது. நாங்கள் ஹோவர்கிராஃப்ட் செய்கிறோம். தரையைத் தொடாமல் காற்றின் மேல் ஓடும் வண்டி. முதலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து காட்டினால்தான் மாணவிகள் ஏறலாம் என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டார். எங்கள் இயற்பியல் மிஸ்ஸுக்கு இது ஏழாவது மாதம். மற்ற டீச்சர்கள் தள்ளி நின்று பார்க்கிறோம் என்கிறார்கள். எங்களைப் பற்றி எழுதிய நீங்களே வந்து உட்கார்ந்தால் பொருத்தமாக இருக்கும். பின்குறிப்பு: உங்கள் எடையைத் தெரிவிக்கவும். கணக்குக்குத் தேவை.’

எவ்வளவு திமிர் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கடிதத்தின் அடியில் இருந்த செல்போன் எண்ணுக்கு உடனே பதில் அனுப்பினேன். ‘கட்டாயம் வருகிறேன். 58.’

பொய் என்று சொல்லாதீர்கள். ஐம்பத்தெட்டு கிலோவாக நான் இருந்திருக்கிறேன். என் மகன் பிறப்பதற்கு முன்னால். அவனுக்கு இப்போது பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சனிக்கிழமை காலை மதுரையில் பஸ் ஏறி, ஒன்பதரைக்கெல்லாம் திண்டுக்கல் வந்துவிட்டேன். பள்ளி வாசலில் என்னை அழைத்துப்போக ஒரு பெண் நின்றிருந்தாள். நிவேதா. பிளஸ் ஒன். கிளப்பின் தலைவி. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் குடும்பம், இவள் இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இரட்டைச் சடை, இரண்டு கையிலும் கிரீஸ். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். அது வரவேற்கிற பார்வை இல்லை, நிறுத்துப் பார்க்கிற பார்வை. நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“வண்டியப் பாக்கலாமுங்களா மேடம்?” என்றாள்.

நாலடி அகலத்தில் வட்டமாக அறுத்த பிளைவுட் பலகை. அதன் அடியில் லாரித் தார்பாயில் தைத்த ஒரு பை. பையின் நடுவில் சில ஓட்டைகள். பலகையின் பின்பக்கம் ஒரு பவர் ஸ்பிரேயர் — தோட்டத்தில் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிப்பார்களே, பெட்ரோலில் ஓடுவது, அதேதான். மருந்து டேங்கைக் கழற்றிவிட்டால் அது வெறும் காற்றை ஊதும். அந்தக் காற்று பைக்குள் போய், ஓட்டைகள் வழியாகத் தரைக்கு இறங்கி, பலகையை அப்படியே தூக்கிவிடும். அதற்கு மேல் ஒரு விரலால் தள்ளினால் போதுமாம். பள்ளி முழுக்க அதற்கு வைத்திருந்த பெயர், தோசைக்கல்.

முதல் பையை யாரோ ஒருவரின் கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரில் தைத்தார்களாம். காற்றடித்ததும் மாப்பிள்ளை முகம் உப்பி உப்பிப் பெரிதாகி, காதுப் பக்கம் கிழிந்துபோயிற்று. அடுத்தடுத்து ஐந்து பைகள். ஒன்று தையல் விட்டது, ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இது ஏழாவது.

“ஹாஸ்டல் அரிசி மூட்டைய வச்சு நாலு தடவ ஓட்டிட்டோம் மேடம். உங்க எடைக்கு ஏத்த மாதிரியே வச்சோம்” என்றாள் நிவேதா.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறேழு கிலோ வித்தியாசத்துக்கெல்லாமா ஒரு வண்டி நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினாறு எப்போது ஆறேழு ஆனது? அதையெல்லாம் அந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள்.

விஷயம் எவ்வளவு பெரியது என்பதை, இயற்பியல் டீச்சர் கலைச்செல்வி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட்தான் கிளப் நேரம். அதை எடுத்துவிட்டு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கச் சொல்லிப் பெற்றோர் சிலர் மனு கொடுத்திருந்தார்கள். பிளஸ் ஒன்னில் போய்ப் பலகையும் பையும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சிஸ்டர் பிலோமினா நியாயமான மனுஷி. பெற்றோர் கூட்டத்தன்று எல்லார் கண் முன்னாலும் ஓட்டிக் காட்டுங்கள் என்றிருக்கிறார். இந்தக் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கிளம்பி, அந்த வளையத்துக்குக் கீழே போய்ச் சேர வேண்டும். போனால் கிளப், போகாவிட்டால் ஸ்பெஷல் கிளாஸ்.

“அந்த மனு இன்னைக்குத்தான் முடிவாகுதா?” என்று கேட்டேன்.

“ஆமா மேடம். பதினொன்றரைக்கு.”

நிவேதா ஸ்பிரேயரின் நட்டை முறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “வெள்ளிக்கிழமைக்காகத்தான் மேடம் மத்த நாலு நாளும் ஹாஸ்டல்ல இருக்கறேன். இல்லாட்டி எப்பவோ ஊருக்குப் போயிருப்பேன்.”

அப்போதாவது சொன்னேனா? இல்லை.

பெற்றோர் ஒவ்வொருவராக வந்து மைதானத்து ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டோடு ஒருவர் நேராக வண்டியிடம் வந்தார். ஸ்பிரேயரைக் குனிந்து பார்த்தார். கைப்பிடியில் சுற்றியிருந்த சிவப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“இது நம்முளுதுதானே கண்ணு? திண்டுக்கல்லுல ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுன்னியே?”

நிவேதாவின் அப்பா, துரைசாமி.

“ரிப்பேரும் பண்ணியாச்சுங்கப்பா” என்றாள் நிவேதா. குரல் பாதியாக இறங்கிவிட்டது. “அப்புறம்... இதுல மாட்டியாச்சு.”

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார். கலைச்செல்வி என் காதில் சொன்னார்: “மனுவுல மொதக் கையெழுத்தே அவருதான் மேடம்.”

ஆக, வண்டியில் இரண்டு பொய்கள். ஒன்று பின்னால் மாட்டியிருந்தது, இன்னொன்று ஏறி உட்காரப் போகிறது.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளி வேன் டிரைவர் சேவியர் வந்தார். கழுத்தில் ஜெபமாலை, கையில் எலுமிச்சம்பழம். இந்த ஊரில் எந்தப் புது வண்டியும் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் கிளம்பாது. அதில் வேதக்காரர், இந்து என்ற பேதம் எல்லாம் கிடையாது. அவர் வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார், இரண்டு முறை வந்தார், குனிந்தும் பார்த்தார்.

“ஏம்மா, சக்கரம் எங்க?”

“சக்கரம் இல்லண்ணே” என்றாள் நிவேதா.

“சக்கரமே இல்லையா? அப்ப பழத்த எங்கதான் வைக்க?”

நல்ல கேள்விதானே? செத்த நேரம் யோசித்தார். பிறகு, வண்டிக்கு நேர் முன்னால், சிமெண்டுத் தரையில் பழத்தை வைத்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பலகையின் நடுவில் வைத்திருந்தார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிவேதா ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தாள். ஸ்பிரேயர் உறுமியது. பைக்குள் காற்று புகுந்தது. பலகை என்னோடு சேர்ந்து லேசாக அசைந்தது. ஒரு கணம், இதோ... இதோ... என்று கைப்பையை இறுக்கிக்கொண்டேன்.

எழவில்லை. தார்பாய் தரையோடு உரசிக் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நிவேதா நிறுத்தினாள். பையைச் சுற்றிப் படுத்துப் பார்த்தாள். ஓரத்தில் டேப் ஒட்டினாள். மறுபடியும் கயிறு, உறுமல், கரகர. மூன்றாவது தடவையும் அதே. மற்ற எட்டுப் பெண்களும் சுற்றிக் குனிந்து தையலைத் தடவிப் பார்த்தார்கள். நாற்காலி வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. “இதுக்குத்தான் சொன்னோம்” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேடம், கணக்கு நாலு தடவ போட்டோம். சரியாத்தான் வந்துச்சு. எங்க விட்டோம்னு தெரியலீங்க” என்றாள் நிவேதா. முகமெல்லாம் வியர்வை. கண்ணைத் துடைக்கப் போய், கன்னத்தில் கிரீஸ் ஈஷிக்கொண்டது.

எங்கே விட்டார்கள் என்று எனக்குத் தெரியுமே.

அவள் எழுந்து சிஸ்டர் முன்னாலிருந்த மேஜைக்குப் போனாள். மைக்கை எடுத்தாள். “எல்லாருக்கும் வணக்கம்” என்றாள். “எங்க கணக்குல எங்கயோ தப்பு நடந்திருக்கு. அதுக்கு முழுப் பொறுப்பு நான்தான். கிளப்புல மத்தவங்க...”

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு வேகமாக நான் ஓடி வருஷக்கணக்காகிறது. நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தேன், எப்படிப் போனேன், ஒன்றும் தெரியாது. மைக் என் கையில் இருந்தது.

“ஒரு நிமிஷம். இந்தப் பொண்ணு கணக்குல தப்பே இல்ல. நான் குடுத்த நம்பர்தான் தப்பு. என் எடை ஐம்பத்தெட்டுன்னு எழுதிக் குடுத்தேன். அது பொய். எழுபத்து நாலு கிலோ.”

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பக்கத்தில் தொற்றி, வரிசை வரிசையாகப் பரவி, மைதானம் முழுக்கச் சிரிப்பு. “விடுக்கா, எனக்கும் அம்புட்டுத்தான்” என்று ஓர் அம்மா அங்கிருந்தே ஆறுதல் சொன்னார். சிஸ்டர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. ஆனால் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது நிஜம்.

சிரிக்காத ஒரே ஆள் நிவேதா. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.

“லேடீஸ் சொல்ற எடையில அஞ்சு கிலோ சேத்துக்கணும்னு மிஸ் சொன்னாங்க. அறுபத்து மூணு வரைக்கும் வண்டி தாங்கும். எழுபத்து நாலுல அறுபத்து மூணு போனா...” நிமிர்ந்தாள். “பதினோரு கிலோ குறையணும்.”

“பத்து நிமிஷத்துல நான் எப்படிம்மா குறைவேன்?” என்றேன்.

“நீங்க இல்லீங்க மேடம். ஸ்பிரேயர். பெட்ரோலோட சேத்து அதுவே பன்னெண்டு கிலோ. அதைப் பலகையில இருந்து எறக்கிட்டு, யாராச்சும் முதுகுல மாட்டிட்டு வண்டி கூடவே நடந்தாப் போதும். குழாய நீட்டிக்கலாம்.”

இவ்வளவுதான். உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டு, ஒரு நிமிஷத்தில். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கிரீஸ்தான் தடுத்தது.

ஆனால் சிஸ்டர் தலையை ஆட்டினார். ஓடுகிற இன்ஜினை எந்த மாணவியின் முதுகிலும் மாட்ட விடமாட்டேன் என்றார். அதுவும் நியாயம்தான். கலைச்செல்விக்கோ இப்போது எட்டாவது மாதம். சேவியர் அண்ணனைப் பார்த்தோம். “எனக்கு இடுப்புப் புடிப்பும்மா, ஒரு வாரமாக் குனியவே முடியல” என்றார். இப்போதுதான் வண்டிக்கு அடியில் குனிந்து சக்கரம் தேடினார், அது வேறு விஷயம்.

“ஏனுங்க சிஸ்டர்.”

மூன்றாவது வரிசையில் துரைசாமி எழுந்து நின்றார்.

“நான் மாட்டிக்கிட்டா ஒத்துக்குவீங்களா? தோப்புல பொழுதன்னிக்கும் இதைச் சுமந்துக்கிட்டுத்தானுங்க நடக்கறேன்.”

சிஸ்டர் அவரை உற்றுப் பார்த்தார். “மனு குடுத்ததே நீங்கதானே சார்?”

“ஆமாங்க. அது வேறங்க. எங்க மிஷினு இழுக்கலைன்னு நாளைக்கு நாலு பேரு பேசப்படாதுங்களே.”

தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நாலு நட்டைக் கழற்ற அவருக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்பிரேயரை முதுகில் ஏற்றி, வாரைச் சரிசெய்துகொண்டார். பெண்கள் குழாயோடு இன்னொரு துண்டுக் குழாயைச் சேர்த்து நீட்டினார்கள். அவர் இணைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கிளிப்பு தளந்திருக்குது கண்ணு. காத்து போயிரும்” என்று மகளிடம் சொன்னார். பிறகு அவரே அந்த இடத்தை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் போய் உட்கார்ந்தேன். நிவேதா வந்து கையை நீட்டினாள். “கைப்பையக் குடுத்திருங்க மேடம்.” கொடுத்தேன். செருப்பையும் கழற்றிக் கொடுத்தேன், கேட்காமலே.

கயிற்றை இழுத்தாள். உறுமல். காற்று பைக்குள் புகுகிற சத்தம். கரகர... பிறகு அந்தக் கரகர நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்பதை முதலில் என் காதுதான் கண்டுபிடித்தது. உட்கார்ந்த இடம் மெல்ல மேலே வந்தது. அவ்வளவு மெல்ல. இரண்டு விரல்கடை உயரம் இருக்குமா? எனக்கு அது பழனி மலை உச்சி. நிவேதா என் நாற்காலியின் முதுகில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினாள். எழுபத்து நாலு கிலோ, எண்ணெய் விட்ட கல்லில் வழுக்கும் வெண்ணெயாகக் கிளம்பியது.

உராய்வு இல்லை, ஆட்டம் இல்லை, குலுக்கல் இல்லை. திண்டுக்கல்லில் எந்த ரோட்டிலும் இப்படிப் போனதில்லை நான். ஒரு பக்கம் அப்பா, ஸ்பிரேயரைச் சுமந்து, குழாயைப் பிடித்துக்கொண்டு, மரத்துக்கு மரம் நகர்கிற அதே நிதான நடையில். பின்னால் மகள், ஒற்றை விரலோடு. நடுவில் மிதந்துகொண்டு நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று பட்டுக் கலங்கியது என்று சமாளிக்கலாம்தான், ஆனால் காற்று கீழேயல்லவா அடித்துக்கொண்டிருந்தது?

பாதியில் நாற்காலி வரிசைகள் எழுந்து நின்றுவிட்டன. முக்கால் தூரத்தில் கைதட்டல். வளையத்துக்குக் கீழே நிவேதா இன்ஜினை நிறுத்தச் சொன்னதும், வண்டி பெருமூச்சு விட்டபடி தரையில் உட்கார்ந்தது. எட்டுப் பெண்களும் ஓடிவந்து அவள் மேல் விழுந்தார்கள். என்னை இறக்கிவிடவேண்டும் என்பதை எல்லாரும் மறந்துபோனார்கள்.

சேவியர் அண்ணன் மட்டும் கிளம்பிய இடத்திலேயே நின்றிருந்தார். கையில் எலுமிச்சம்பழம். வண்டி அதன் மேலேயே ஏறிப் போயிருக்கிறது. பழமோ முழுசாகப் பின்பக்கமாக உருண்டு வந்துவிட்டது. கவலையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, இது நசுங்கவே இல்லையேம்மா. ஆகாதே.”

நிவேதா மூச்சு வாங்கிக்கொண்டே அதைக் கையில் வாங்கினாள். விளக்கில் காட்டுகிற மாதிரி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

“நசுங்கியிருந்தா நம்ம தோத்தோம்ணே” என்றாள்.

சேவியர் அண்ணனுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர் அந்தப் பழத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு வரிசையாகக் காட்டிய அழகு இருக்கிறதே... ஓட்டியதே தான்தான் என்பது போல.

நான் கிண்டலடித்த கிளப்புகள் இன்னமும் எங்காவது இருக்கலாம். தெர்மகோலும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தப்பு நடந்தால் ‘நான் பொறுப்பு’ என்று மைக்கைப் பிடிக்கிற ஒரு பதினாறு வயசுப் பெண்ணை, எந்த ஸ்பெஷல் கிளாஸில் தயாரிக்கிறார்கள்? ஐம்பத்தாறு வயதில் எனக்கே அது அவளைப் பார்த்த பிறகுதான் வந்தது.

சரி, கூட்டம் என்ன ஆயிற்று?

பதினொன்றரைக்குச் சிஸ்டர் மனுவை மேஜையில் வைத்தார். பேச வாயெடுப்பதற்குள் துரைசாமி முன்னால் வந்து, அவரிடமே பேனா கேட்டு வாங்கினார். முதல் கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். சரியாக அடிபடவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு கோடும் போட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைசியில் அந்தத் தாளில் கோடுகள்தான் மிச்சம்.

“வெள்ளிக்கிழமை கிளப், கிளப்பாவே இருக்கும்” என்றார் சிஸ்டர், மைக் இல்லாமலே. பெண்கள் போட்ட சத்தத்தில் அடுத்து அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகும் துரைசாமி போகவில்லை. ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் அதைத் திரும்பவும் பலகை மேல் வைத்துவிட்டு, சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிப் போய் நின்றார்.

“ஏனுங்க சிஸ்டர்... அந்த வெள்ளிக்கிழமையில நானும் வந்து செத்த நேரம் உக்காந்துக்கலாமுங்களா? அந்தக் கிளிப்ப மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிர்றேன்.”

ஸ்பெஷல் கிளாஸுக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இதுவரை எந்த அப்பாவாவது வந்து நின்றிருக்கிறாரா?